எஸ்எஸ்டியைச் செருகினால் ஹாட்ஸ்பாட் படுத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போடிநாயக்கனூர் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. மாடி ஜன்னலில் போனை வைத்து, ஹாட்ஸ்பாட் மூலம்தான் லேப்டாப்புக்கு நெட் எடுக்கிறேன். நன்றாகவே ஓடும். ஆனால் லேப்டாப்பின் டைப்-சி ஹப்பில் (கூடுதல் போர்ட்கள் தரும் சின்னப் பெட்டி) எஸ்எஸ்டியை, அதாவது ஃபைல் சேமிக்கும் வெளி டிரைவைச் செருகி ஃபைல் காப்பி ஆகத் தொடங்கியதும் வேகம் சரிந்து, வீடியோ கால் அறுந்துவிடுகிறது. வயர்லெஸ் மவுஸும் திக்கித் திக்கி நகர்கிறது. எஸ்எஸ்டியைக் கழற்றிய மறுநொடி எல்லாம் சரி.

எஸ்எஸ்டி இணையும் யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழும். ஹாட்ஸ்பாட்டும் மவுஸ் டாங்கிளும் (மவுஸுக்காக லேப்டாப் பக்கம் செருகும் சின்ன ரிசீவர்) அங்கேதான் இருக்கின்றன. அதனால் என் சந்தேகமெல்லாம் அந்த ஹப் மேல்தான். சரி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம் என்றால், சுவர்களைத் தாண்டி சிக்னல் கீழே வருவதில்லை.

டாங்கிளை எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தால் மவுஸ் சரியாகிவிடும். நெட்டுக்குத்தான் வழி வேண்டும். இரைச்சல் வெளியே கசியாமல் தடுக்கும் நல்ல ஷீல்டிங் உள்ள ஹப் யாராவது பயன்படுத்துகிறீர்களா? மாடல் சொல்லுங்கள். இல்லை, சிம் போடும் ரவுட்டரை ஜன்னலில் வைத்து லேன் கேபிள் இழுப்பதுதான் நல்லதா? வெளி ஆன்டெனா மாட்டக்கூடியதாக இருந்தால் இன்னும் சந்தோஷம். பட்ஜெட் 4,000 ரூபாய் வரை. தம்பியின் ஆன்லைன் வகுப்பும் இதே நெட்டில்தான் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.