கேழ்வரகுப் பால் கூழாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா பால் மரம் சீவப் போகும்போது தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கஞ்சிதான் கொண்டுபோவார். இப்போது பேரனுக்குப் பசும்பால் சேரவில்லை. அதனால் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, ஒன்றரை நாள் முளைகட்டி, அரைத்து வடிக்கிறேன். வடிக்கும்போது பால் மாதிரி இருக்கிறது. கொதித்ததும் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகிறது. சரியாக வந்தால் பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) விற்க ஆசை.

பதில்: அக்கா, அது மாவுச்சத்து. சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். முளையில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது, அதுதான் மாவை உடைக்கும், கொதித்தால் செயலிழந்துவிடும். முளைகட்டியதை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பொடியாக்குங்கள். முளைகட்டாத சாதாரண கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சி, 60 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி முளைப்பொடி கலக்குங்கள். பத்து நிமிடத்தில் இளகும். அப்புறம் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும், குழந்தைக்கு அது முக்கியம்.

பதில்: வடிக்காதீர்கள்! 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, நிறைய தோலில்தான். சக்கையோடு அதுவும் போய்விடும். புரதம் 7 கிராம்தான், அதனால் பேரனுக்குச் சோயா ஒத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி சோயாப்பால் சேருங்கள்.

கேட்டவர்: செய்து பார்த்தேன், தம்பி. கிண்டிக்கொண்டே இருந்தேன், கண் முன்னாலேயே கூழ் தளர்ந்து ஓடியது! வடிக்காமல், கொஞ்சம் குலா மலாக்கா (பனை வகை வெல்லம்) போட்டுக் கொடுத்தேன். பேரன் இரண்டாவது குவளையும் கேட்டான்.