மஞ்சள் எந்த இடத்தில் உண்டாகிறது?

போனில் முழுத்திரை மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து, அதன்மேல் கடுகளவு தண்ணீர்த் துளி வையுங்கள். துளி லென்ஸாகிவிடும், உள்ளே சிவப்பும் பச்சையும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது. துளி பெரிதானால் தட்டையாகிவிடும், பெருக்கிக் காட்டாது.

*

துளியோடு நிறுத்த வேண்டாம், பழைய சிடி ஒன்றை எடுங்கள்; அதன் நுண்ணிய கோடுகள் ஒளியை நிறம்நிறமாகப் பிரிக்கும். ஷூ பெட்டியின் ஒரு முனையில் இரண்டு பிளேடுகளை 0.2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். எதிர்முனையில் சிடியைச் சாய்த்து வைத்து, மேலே ஒரு துளை போட்டுப் பாருங்கள். உப்புநீரில் முக்கிய கம்பியை கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் பிடித்தால் 589 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே ஒரே ஒரு மஞ்சள் கோடு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் மஞ்சளுக்குச் சிவப்புப் பட்டை ஒன்று, பச்சைப் பட்டை ஒன்று, நடுவில் இருட்டு. வெறுங்கண்ணுக்கு இரண்டும் மஞ்சள்தான்!

எல்சிடி திரையானால் நடுவில் கொஞ்சம் மஞ்சள் இருக்கும். அதன் வெள்ளை விளக்கின் மேலிருக்கும் நிற வடிகட்டிகள் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று கசியும். பிளேடு இடைவெளி அரை மி.மீ. ஆனால் கோடு கலங்கிவிடும். பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது.

*

கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்லுக்கு அலைநீளம் தெரியாது, எவ்வளவு தூண்டப்பட்டது என்பது மட்டுமே தெரியும். கூம்புகள் மூன்று வகை: நீலம், பச்சை, சிவப்பு என்பார்கள்; உச்ச உணர்திறன் முறையே சுமார் 420, 530, 560 நானோமீட்டரில். வருகிற ஒளி எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் மூளைக்குப் போவது மூன்று அளவுகள்தான். அந்த மூன்றும் ஒத்துப்போனால் வேறு வேறு ஒளியும் ஒரே நிறமாகத் தெரியும்.

*

சாயத்தொழிலில் தலைவலியே இதுதான். டியூப்லைட்டில் ஒத்துப்போன இரண்டு துணிகள் பகலில் பிரிந்து நிற்கும், ஏனென்றால் சாயக் கலவை வேறு. துணியின் நிறச் சாயலை (ஷேடு) ஒப்பிடும்போது 6500 கெல்வின் பகலொளி விளக்கு, 2856 கெல்வின் இழைவிளக்கு இரண்டிலும் பாருங்கள். பின்னணி சாம்பல் நிறமாக இருக்கட்டும். சில நொடி மட்டும் பாருங்கள், வெறித்துப் பார்த்தால் கண் பழகிவிடும்.

*

"நிறமே பொய்" என்று இதை வைத்துச் சொல்வது அவசரம். எந்த அலைநீளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது துணியின் குணம், கருவியால் அளக்கலாம். அதை மஞ்சளாக்கும் கணக்குதான் நம்முடையது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். சிவப்பும் பச்சையும் கலந்து மஞ்சளுக்கு ஈடாக்கும்போது சிலருக்கு மட்டும் விகிதம் வெகுவாக வேறுபடுவதை 1881இல் ஆங்கிலேய இயற்பியலர் ராலே கண்டார். நிறப்பார்வையைச் சோதிக்கும் நாகெல் கருவியில் 671 (சிவப்பு), 546 (பச்சை) நானோமீட்டர் ஒளி இரண்டையும் கலந்து 589 மஞ்சளுக்கு ஒப்பிடுவார்கள். பச்சைக் கூம்பு பிசகியவர் பச்சையைக் கூட்டுவார், சிவப்புக் கூம்பு பிசகியவர் சிவப்பை.