பிஸ்டன் வகை பைபாஸ் வால்வு சிக்குது, எதைப் பூசலாம்?

கேள்வி: டர்போ பெட்ரோல் கார், வெளியில வாங்கி மாட்டின பைபாஸ் வால்வு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் டர்போவோட மிச்ச காத்தழுத்தத்தைத் திருப்பி விடுறது; இதுல உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும்). குளிர்ல ஆக்ஸிலரேட்டரை விட்டா படபடன்னு சத்தம். டபிள்யூடி-40 ஸ்பிரே அடிச்சாலும் தாங்கலை.

பதில் 1: அது சீக்கிரம் ஆவியாகிடும், மிச்சத்துல தூசி ஒட்டும். மூடியை அழுத்திப் பிடிச்சு சர்க்லிப்பை (மூடியைப் பிடிச்சிருக்கிற வளையக் கிளிப்) எடுங்க, இல்லைன்னா ஸ்பிரிங் தெறிக்கும். பிஸ்டன், உள்சுவர் ரெண்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால துடைங்க. பிரேக் கிளீனர் வேண்டாம், ஓ-ரிங் (ரப்பர் சீல் வளையம்) கெடும். மெல்லிய சின்தடிக் கிரீஸ், விரலால இழுத்த படலம் போதும். கெட்டி கிரீஸ் குளிர்ல இறுகி, இதே சத்தத்தைக் கொண்டுவரும்.

பதில் 2: ஓ-ரிங் சிலிக்கான் ரப்பர்னா சிலிக்கான் கிரீஸ் ஆகாது, வீங்கிடும். நைட்ரைல் ரப்பர்னா பரவாயில்லை. சுவர்ல நீளவாக்குல கீறல் இருந்தா பூசிப் பயனில்லை.

பதில் 3: மாட்டுறதுக்கு முன்னாடி மேல் நிப்பிள்ல (வேக்குவம் ஹோஸ் மாட்டுற முனை) கை வேக்குவம் பம்ப் வைங்க, பிஸ்டன் திக்காம ஏறி இறங்கணும். வேக்குவம் ஹோஸ் வெடிப்பையும் பாருங்க. டயாஃப்ரம் வகைக்கு (பிஸ்டனுக்குப் பதிலா ரப்பர் சவ்வு இருக்கிறது) கிரீஸ் பூசத் தேவையில்லை.