"மறந்துடுவீங்க தானே?": யூஎக்ஸ் ரிசர்ச் (பயனர் அனுபவ ஆய்வு) பழகிய அனுபவங்கள்

டிசைன் மாணவி, மூன்றாம் ஆண்டு

என் முதல் இன்டர்வியூ 41 நிமிடம். அதில் எதிரில் இருந்தவர் பேசியது 13 நிமிடம். மீதி முழுக்க நான்தான். ரெக்கார்டிங்கை வரி வரியாக எழுதி எடுக்க உட்கார்ந்தபோதுதான் இது தெரிந்தது. அந்த ராத்திரி என் குரலையே எனக்குப் பிடிக்காமல் போனது.

பாடத்துக்கான வேலை இதுதான்: தினமும் நாலைந்து மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு ஒரு செயலி. முதல் இரண்டு வாரம் ஆய்வு, அதற்கப்புறம்தான் டிசைன் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் முதல் நாளே ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் நாலு திரை வரைந்துவிட்டேன். பெரிய கடிகாரம், மணி அடிக்கும் குறி, "போட்டாச்சு" என்று ஒரு பச்சைப் பொத்தான். ஆய்வு என்றால் வரைந்ததற்குக் கையெழுத்து வாங்கி வருவது என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன்.

முதலில் பார்த்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். பேசியது இப்படி:

"மாத்திரை போட சில நாள் மறந்துடுவீங்க தானே, ஐயா?"

"ஆமாம்மா, மறந்துடும்."

"அப்ப போன்ல ஒரு சத்தம் வந்தா உதவியா இருக்கும், இல்லையா?"

"இருக்கும்மா. நல்லா இருக்கும்."

துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் நாலு பேரைப் பார்த்தேன், நாலு பேருக்கும் மறந்தது! சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி, "மறதி" என்று தலைப்பும் போட்டாயிற்று. இந்தச் சீட்டு முறையை உருவாக்கிய ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா, களத்தில் கிடைத்த குறிப்புகளை முதலில் பரப்பி வைத்து, எது எதோடு சேர்கிறது என்று பார்த்து, அதற்குப் பிறகே பெயர் வைக்கச் சொன்னவர். நான் தலைப்பை முதலில் ஒட்டிவிட்டு அதற்குக் கீழே சீட்டுகளை நிரப்பியிருந்தேன்.

ஆசிரியர் வந்து சுவரைப் பார்த்தார். "இதுல எது அவங்க சொன்னது, எது நீ சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அதற்காகத்தான் ரெக்கார்டிங்கை எழுத உட்கார்ந்தேன். ஒரே இன்டர்வியூவில் "தானே", "இல்லையா", "அப்படித்தானே" மூன்றும் சேர்த்து 22 தடவை.

தமிழில் இந்தத் "தானே" பொல்லாதது. கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலை உள்ளேயே வைத்திருக்கும். பேத்தி வயதுப் பெண் ஒருத்தி நோட்டும் பேனாவுமாக ஆசையாக வந்து உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு "இல்லை" என்று சொல்ல வாய் வரும்? "ஏன்" என்பதிலும் வேறு மாதிரிச் சிக்கல். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றால் அதட்டுகிற மாதிரி விழுகிறது, ஆள் உடனே தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். "அப்ப என்ன நடந்துச்சு?", "அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டால் கதை வருகிறது. இதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை. படித்த வழிகாட்டிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன.

திரும்பப் போனேன். இந்த முறை கேள்விப் பட்டியல் கொண்டுபோகவில்லை. டிசைன் ஆய்வாளர்கள் கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் ஹ்யூ பேயரும் 1990களில் எழுதிய முறை ஒன்று உண்டு: வேலை தெரிந்தவர் குரு, நீ பக்கத்தில் உட்கார்ந்து பழகவந்த சீடப்பிள்ளை. அதனால் காலை ஏழு மணிக்கே போய், "எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க ஐயா, நான் பார்த்துட்டு இருக்கேன்" என்றேன். டப்பாவைத் திறந்தார். அட்டைகளை வரிசையாக எடுத்து வைத்தார். நாலு மாத்திரையை உரித்தார். ஐந்தாவது அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

பழைய நானாக இருந்தால் "மறந்துட்டீங்க பாருங்க!" என்று கத்தியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடித்தார், சொம்பை வைத்தார். பிறகு அவராகவே, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு வெளிய போற வேலை இருக்கும்மா. இதைப் போட்டா சும்மா சும்மா எந்திரிச்சுப் போகணும்" என்றார்.

அது நீர் பிரியும் மாத்திரை. மறதி எல்லாம் இல்லை. எந்த நாளில் எதை விடலாம் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. என் செயலி ஏழு மணிக்கு மணி அடித்திருந்தால் அவர் அதை அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார். மற்ற நாலு பேரில் இரண்டு பேர் மறுபடி பார்க்கச் சம்மதித்தார்கள். ஒருவர் உண்மையிலேயே மறக்கிறவர். இன்னொருவர் உடம்பு நன்றாக இருக்கிற நாளில் வேண்டாம் என்று விடுகிறவர்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவன் உடனே 1977இல் உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் எழுதிய ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரே மாதிரியான நாலு ஜோடி காலுறையைப் பரப்பி வைத்து எது நல்லது என்று கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததைத்தான் நிறையப் பேர் எடுத்தார்கள், ஆனால் இருந்த இடத்தைக் காரணமாக யாரும் சொல்லவில்லை. ஆகவே மக்கள் சொல்வதை நம்பாதே என்றான். எனக்கு அது பொருந்தவில்லை. இவருக்குத் தன் காரணம் நன்றாகத் தெரியும். சொல்வதற்கு நான்தான் இடம் விடவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

•

ஆய்வாளர், இந்த வேலையில் ஒன்பது வருடம்

தங்கச்சி, 13 நிமிஷம் விட்டதே பெரிசு. என் முதல் ரெக்கார்டிங்க நான் இன்னும் யாருக்கும் காட்டினதில்ல.

ஒன்னு மட்டும் சொல்லணும். அஞ்சு பேரோட நிறுத்தினியே, அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியும். "அஞ்சு பேர் போதும்"னு டிசைன் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதினார். கணக்கு அவரும் லாண்டவரும் 1993ல போட்டது: ஒரு சிக்கல்ல ஒரு ஆள் மாட்டிக்கிற வாய்ப்பு சராசரியா 31 சதவீதம்னு வெச்சா, அஞ்சு பேர்ல ஏறக்குறைய 85 சதவீதச் சிக்கல் வெளிய வந்துரும். அந்த 31 அவங்க பார்த்த திட்டங்களோட சராசரி, அவ்வளவுதான். பத்துல ஒருத்தர் மட்டும் மாட்டிக்கிற சிக்கலா இருந்தா அஞ்சு பேரை வெச்சு அது கண்ணுல படற வாய்ப்பு 41 சதவீதம். போட்டுப் பாரு.

அதவிட முக்கியம், அது செஞ்சு வெச்ச ஒரு டிசைன்ல ஓட்டை தேடறதுக்கான கணக்கு. மனுசங்க மாத்திரையை எதுக்கு விடறாங்கன்னு தேடறதுக்கு இல்ல. அதுக்கு புதுசா எதுவும் காதுல விழாத வரைக்கும் போயிட்டே இருக்கணும், அது எட்டா இருக்கலாம், இருபதா இருக்கலாம். நான் முதல் மூணு வருஷம் எல்லாத்துக்கும் அஞ்சுன்னு பட்ஜெட் போட்டுக் குடுத்துட்டு இருந்தேன், மேலாளர்களுக்கும் அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

அப்புறம் அந்த ஐயா மாத்திரையை விடறார்னு தெரிஞ்சதும் என்ன பண்ணே? அதச் சொல்லாமப் போயிட்டியே.

•

முதுகலை மாணவர், இன்டராக்‌ஷன் டிசைன்

எனக்கு நேர்ந்தது யூசபிலிட்டி டெஸ்டில், அதாவது செய்ததை ஆட்களிடம் கொடுத்து அவர்களால் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் சோதனையில். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலியின் புரோட்டோடைப் (மாதிரி வடிவம்) ஒன்று. நான் கொடுத்த பணி: "உங்கள் முன்பதிவை ரத்து செய்யுங்கள்." திரையில் இருந்த பொத்தானின் பெயரும் "ரத்து செய்". ஐந்து பேரும் கண்மூடித் திறப்பதற்குள் அழுத்தினார்கள். வெற்றி என்று அறிக்கை எழுதினேன். அதைப் படித்த சீனியர் ஒருவர், "நீ வைத்தது கண் பரிசோதனை. ஒரே மாதிரி எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லியிருக்கிறாய்" என்றார்.

அடுத்த சுற்றில் பணியை மாற்றினேன்: "அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?" புதிய ஐந்து பேரில் மூன்று பேருக்கு வழி கிடைக்கவில்லை. அவர்கள் தேடியது "தேதி மாற்று" என்ற ஒன்றை. ரத்து செய்வது அவர்கள் எண்ணத்திலேயே இல்லை.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொல்லும் முறையை ஐபிஎம்மில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் எழுதினார். படிக்கும்போது எளிது. நேரில், அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையை முறைத்துப் பார்க்கும் அந்த இருபது நொடியில் என் கை தானாகவே நீண்டுவிடும். ஒரு அம்மா "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டார். கோளாறு டிசைனில்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இப்போதெல்லாம் தொடையின் கீழே கையை வைத்து உட்கார்ந்துகொள்கிறேன். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

•

டிசைன் டிப்ளமா, போன வருஷம் முடித்தவன்

எனது சின்னது. ஒன்னைப் பயன்படுத்த எளிதா இருக்கான்னு அளக்க எஸ்யூஎஸ்னு ஒரு கேள்வித்தாள் இருக்கே, ஜான் புரூக் 1986ல உருவாக்கினது, பத்து வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும். ஒன்னு புகழற மாதிரி, அடுத்தது குறை சொல்ற மாதிரி, மாத்தி மாத்தி வரும். தமிழ்ல மொழிபெயர்த்துக் குடுத்தேன். ஒரு பெரியவர் கண்ணாடியப் போட்டுப் பொறுமையா எல்லாத்துக்கும் 5 போட்டாரு. "முழு மார்க் போட்டுட்டேன் தம்பி, நல்லா வருவே"ன்னு முதுகுல தட்டிக் குடுத்தாரு.

குறை சொல்ற வாக்கியத்துக்கு மார்க்கைத் தலைகீழா எண்ணணும், அப்படிக் கணக்குப் போட்டா நூத்துக்கு 50. "இது தேவையில்லாம சிக்கலா இருக்கு"ங்கறதுக்கும் அஞ்சு போட்டிருக்காரே! எல்லாத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டா, அது எந்த எண்ணா இருந்தாலும் விடை 50தான். அன்னைக்கு அந்தத் தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன், கணக்குல சேர்க்கல. இப்ப நான் வாக்கியத்தை வாசிச்சுக் காட்டி, அவங்க வாயால பதில் சொல்ல வெச்சு, நானே குறிச்சுக்கறேன். அதுலயும் கூச்சம் வந்து நுழையத்தான் செய்யுது.

•

டிசைன் மாணவி, மூன்றாம் ஆண்டு

அக்கா கேட்டதற்குப் பதில். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, அந்த மாத்திரையைப் போடுங்கள் என்றோ விடுங்கள் என்றோ சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு பேசாமல் வரவும் முடியவில்லை. ஆசிரியரிடம் கேட்டதற்கு, "டாக்டருக்குத் தெரியுமான்னு கேளு, வேற எதுவும் சொல்லாதே" என்றார்.

மூன்றாவது முறை போனபோது, "வெளிய போற நாள்ல இதை விடறது டாக்டருக்குத் தெரியுமா ஐயா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அவரும் உன்னை மாதிரிதாம்மா கேப்பாரு. 'ஒழுங்கா போடறீங்க தானே?'ன்னு. ஆமான்னுட்டு வந்துருவேன்."

அடுத்த தடவை கேட்கிறேன் என்று அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டார். செயலியில் மணியை எடுத்துவிட்டேன். விட்ட மாத்திரையையும் விட்ட காரணத்தையும் குறித்து வைத்து, டாக்டரிடம் காட்ட ஒரு பக்கம். கடைசியில் மிஞ்சியது அது மட்டும்தான். திரை குறைவாக இருக்கிறது என்று மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது.