மடக்கு ஐபோனுக்கு இப்போதே பெயர் எழுதி வைக்கலாமா?

கானாடுகாத்தான் வழிகாட்டி:
ஆப்பிளும் மடக்கு போன் இறக்கப்போகிறது என்று வருடக்கணக்காகப் புரளி. கம்பெனி இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர், "பேரை எழுதி வைக்கவா சார்?" என்று கேட்கிறார். எழுதச் சொல்லிவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. வளவு என்கிற உள்முற்றத்தில் நின்று பர்மா தேக்குத் தூணைப் பற்றிச் சொல்லும்போதே, அதே தூணுக்கு முன்னால் எடுத்த பழைய கல்யாணப் படத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும். இப்போது பேசுவதற்கு ஒரு போன், படம் காட்ட ஒரு டேப்லெட், இரண்டுக்கும் சார்ஜர் என்று பையைச் சுமக்கிறேன். சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தால் போதும் என்றால் கசக்குமா? நம் ஊரில் வேறு யாராவது வாங்கப்போகிறீர்களா?

ஆத்தங்குடி பட்டறை:
தம்பி, விலையே சொல்லாத சாமானுக்குப் பெயர் எழுதுகிறீர்களே! அது இருக்கட்டும், எனக்குக் கவலை தூசி. எங்கள் தரைக்கல் பட்டறையில் கண்ணாடிப் பலகைமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் கலவையை ஊற்றுவோம். சட்டத்தைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுவோம். அந்த நேரத்தில் பக்கத்துத் திண்டில் வைத்த போனை அரை மணி கழித்து எடுத்தால், விபூதி பூசின மாதிரி இருக்கும். சார்ஜ் போடும் துளையை வாரம் ஒரு முறை ஊக்கால் நோண்டுகிறேன். ஒரு துளைக்கே இந்தப் பாடு. நடுவில் கீல் வைத்த போன் என்ன ஆகும்?

போன் வைத்தியர், காரைக்குடி:
அண்ணன் கேட்டது சரியான கேள்வி. 2019 ஏப்ரலில் சாம்சங் முதல் கேலக்ஸி ஃபோல்டை விற்பனைக்கு விட இருந்தது. அதற்கு முன்பே, சோதித்துப் பார்க்கக் கொடுத்த போன்கள் சில, ஓரிரு நாளிலேயே படுத்துவிட்டன. திரையின் மேலிருந்த பாதுகாப்புப் படலத்தை, கீறாமலிருக்க ஒட்டும் சாதாரண மேலொட்டு என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் கீலின் இடுக்கு வழியாகத் துகள் உள்ளே போய்த் திரையைக் கீழிருந்து முட்டியது. தேதியைத் தள்ளிப்போட்டு, கீல் முனைகளுக்கு மூடி வைத்து, செப்டம்பரில்தான் விட்டார்கள்.

இன்னொன்று. தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி48 என்று போட்டிருந்தால் முதல் எண்ணைப் பாருங்கள். 4 என்றால் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பொருளைத்தான் தடுக்கும். அண்ணனுடைய சல்லடையில் இறங்கும் மணல் அதைவிடப் பொடி. பின்னால் வரும் 8 தண்ணீருக்கு உள்ளது. மழையில் நனையலாம், மணலில் வைக்கக் கூடாது!

கானாடுகாத்தான் வழிகாட்டி:
2019 கதையையே எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? 2025இல் வந்த கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டுக்கு ஐபி68 இருக்கிறது. 6 என்றால் தூசியே புகாது. ஆக, கீல் வைத்தாலும் அடைக்க முடியும் என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் விழுந்த குழியை எல்லாம் பார்த்துவிட்டுத்தானே ஆப்பிள் வருகிறது? கடைசியாக வந்தாலும் சரியாகச் செய்வார்கள்.

ஆத்தங்குடி பட்டறை:
அந்தக் கடைசி வரியை மட்டும் விட மாட்டேன். என் மகன் கணினி படித்தவன், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2015இல் ஆப்பிளின் மேக்புக் மடிக்கணினியில் பட்டாம்பூச்சி விசைப்பலகை என்று ஒன்று வந்தது. மெல்லிசாக இருக்க வேண்டும் என்று செய்தது. ஒரு துகள் உள்ளே போனால் ஒரு எழுத்து வராது, இல்லை இரண்டு முறை விழும். 2018இல் அதற்கென்றே இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தார்கள். 2019 கடைசியில்தான் பழைய வகைக்குத் திரும்பத் தொடங்கினார்கள். தூசியிடம் தோற்ற கம்பெனிதானே இதுவும்? எங்கள் வீட்டு முகப்புக் கதவு ஐயா காலத்திலிருந்து, கீலுக்குப் பதில் குடுமி முளையில் சுழல்கிறது. அதில் மணல் விழுந்தால் கிறீச்சென்று கத்தும், எண்ணெய் விடுவோம். போன் கத்தாது, செத்துப்போகும்.

தேவகோட்டை–சிங்கை:
நான் மூன்று வருடமாக மடக்கு போன்தான் வைத்திருக்கிறேன். நடுவில் கோடு தெரியும், பத்து நாளில் கண் பழகிவிடும். இதுவரை கோளாறு இல்லை. ஆனால் இங்கே ஏசி அறை, ரயில், மறுபடி ஏசி அறை. சாமி கும்பிட ஊருக்கு வரும்போது உறை போட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் பழைய போனைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இதிலிருந்து யார் பக்கம் பேசுகிறேன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், அறிவித்தாலே வந்துவிடும் என்றும் இல்லை. 2017இல் மேடையில் காட்டிய ஏர்பவர் சார்ஜிங் பலகையை 2019 மார்ச்சில் ஆப்பிளே கைவிட்டது. இதுவோ இன்னும் மேடைக்கே வரவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
எல்லாரும் தூசி தூசி என்கிறீர்கள், எனக்குக் கண்தான் பிரச்சினை. பேத்தி அனுப்பும் கடிதத்தைப் படிக்க எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு வார்த்தைதான் நிற்கிறது. விரித்தால் பெரிதாகும் போன் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் கைநடுக்கம் உண்டு. கீழே விழுந்தால் என்ன செலவாகும் தம்பி?

போன் வைத்தியர், காரைக்குடி:
ஆச்சி, அதைத்தான் யாரும் முதலில் கேட்பதில்லை. உள்திரைக்குப் போடும் கண்ணாடி தலைமுடி கனத்தைவிட மெல்லிசு, அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் படலம். போன மாதம் ஒரு மடக்கு போன் வந்தது. மடிப்பில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை. தட்டினால் இடது பாதி வேலை செய்கிறது, வலது பாதி செய்யவில்லை. மூடும்போது உள்ளே ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சாதாரணத் திரை என்றால் அரை மணியில் மாற்றிக் கொடுப்பேன். இதற்கு நான் கையே வைக்கவில்லை, கம்பெனி சர்வீசுக்கு அனுப்பினேன். அங்கே கேட்ட தொகைக்கு ஒரு நல்ல புதுப் போனே வாங்கலாம் என்று போனின் சொந்தக்காரர் திரும்பி வந்து சொன்னார். உங்களுக்கு டேப்லெட்தான் சரி ஆச்சி. மேசைமேல் வைத்தே படிக்கலாம்.

கானாடுகாத்தான் வழிகாட்டி:
என்னுடைய டேப்லெட்டையே ஆச்சிக்குக் கொடுத்துவிடலாம் போல!

சரி, விலை விஷயத்தில் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். 2025இல் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 இங்கே 1,74,999 ரூபாயில் தொடங்கியது. ஆப்பிள் அதற்குக் கீழே வராது. ஒரு சீசன் முழுக்க நடந்தால்தான் அந்தப் பணம் நிற்கும். ஆனால் எல்லாரும் காத்திருந்தால் எந்தப் பொருள்தான் திருந்தும்? யாராவது முதலில் வாங்கினால்தானே குறை வெளியே வரும்?

ஆத்தங்குடி பட்டறை:
வரட்டும். அந்த யாராவது நீங்களாக ஏன் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். எங்களிடம் புது டிசைன் போட்டால் முதல் ஈட்டுக் கல்லை விற்க மாட்டோம், பட்டறை வாசலிலேயே பதித்து ஒரு மழைக்காலம் மிதிக்க விடுவோம்.

கானாடுகாத்தான் வழிகாட்டி:
இன்று கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேட்டேன். தூசிக்கு முதல் எண் என்ன? உள்திரை மாற்ற எவ்வளவு? "வரட்டும் சார், பார்ப்போம்" என்றார். பெயரை அடிக்கவில்லை. ஆனால் 5,000 முன்பணம் கேட்டார், அதைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
டேப்லெட் என்ன ஆச்சு தம்பி?