‘மறுஏற்றம்’ வேண்டாம், ‘மறுகெட்டிப்பு’ என்போம்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக நடக்கும் இந்தக் கலைச்சொல் விவாதத்தில் ஒரு மடலைக்கூட விடாமல் படித்தேன். உடையோடு மறைத்து வைத்துக்கொள்ளும் சிறிய கைத்துப்பாக்கிகளைப் பற்றியும், அவற்றுக்கான தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்வதில் ஆகும் செலவைப் பற்றியும் ஓர் அமெரிக்கக் கட்டுரை தமிழாகிறது. வரைவைப் படித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன்: துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு (‘கன்சீல்டு கேரி’) ‘மறைக்கப்பட்ட சுமத்தல்’, தோட்டா செய்வதற்கு ‘மறுஏற்றம்’. முதலாவதைத் தமிழ் என்றே சொல்ல முடியாது. யாரும் ஏமாறமாட்டார்கள், திருத்திவிடலாம். இரண்டாவது நல்ல தமிழ், ஆனால் வேறொரு பொருளைச் சொல்கிறது. படிப்பவருக்குச் சந்தேகமே வராது என்பதால் எனக்கு அதில்தான் கவலை அதிகம்.

> ‘மறுஏற்றம்’ எல்லாருக்கும் புரிகிறதே. ஆங்கிலத்திலும் ‘ரீலோடிங்’ என்று ஒரே சொல்தானே?

ஆங்கிலத்தில் சொல் ஒன்று, வேலை இரண்டு. துப்பாக்கியில் தோட்டா தீர்ந்ததும் காலியான தோட்டாப் பெட்டியை (‘மேகசின்’) உதறிவிட்டு நிரம்பிய பெட்டியைச் சொருகுவது ஒரு வேலை. இரண்டு நொடியில் முடிந்துவிடும். சுட்டு முடித்த பித்தளை உறைகளைத் தரையிலிருந்து பொறுக்கி, கழுவி, அவற்றில் புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவது இன்னொரு வேலை. அதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் வேண்டும். ‘மறுஏற்றம்’ என்றால் தமிழ் வாசகர் மனத்தில் முதல் வேலைதான் வரும். நம் கட்டுரை பேசுவது இரண்டாவதை.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் நிறுத்தும் அறையில் ஒரு மேசை போட்டு இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார். மேசையில் திருகாணியால் இறுக்கிய இரும்பு அழுத்தி. பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி. சுண்டுவிரல் நுனியளவு பித்தளை உறை ஒன்றை அதில் நிறுத்திக் கைப்பிடியை இறக்குவார். சுட்டபோது சற்று உப்பிப்போன உறையை மேலேயிருக்கும் அச்சு பழைய அளவுக்கு இறுக்கிவிடும். அதே இழுப்பில் அச்சின் நடுவிலுள்ள ஊசி உறைக்குள் இறங்கி, அடியில் எரிந்துபோய்க் கிடக்கும் சின்னஞ்சிறு உலோக வில்லையைத் தள்ளும். அது ‘டிக்’கென்று ஒரு டப்பாவில் விழும். பிறகு புது வில்லை, அளந்த மருந்து, மேலே குண்டு. இன்னொரு முறை கைப்பிடி இறங்கும்போது குண்டு உறையின் வாயில் கெட்டியாக அமர்ந்துவிடும். வேலை நடக்கும்போது அவர் பேசமாட்டார், வானொலிகூட வைக்கமாட்டார். கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறையில் மருந்து பாதி இடத்தைக்கூட நிரப்பாமல் நிற்பதுண்டு. கவனம் தவறி இரண்டு முறை கொட்டிவிட்டால் வெளியே தெரியாது. சுடும்போது கையிலேயே துப்பாக்கி வெடிக்கும்.

> கட்டுரையில் பாதி விலைக் கணக்குதான். கலைச்சொல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எந்தச் சொல் பொருந்தும் என்று எனக்கே தெளிந்தது.

சிறிய துப்பாக்கிகளில் பல ‘.380 ஏ.சி.பி.’ என்ற தோட்டாவுக்காகச் செய்யப்படுபவை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1908இல் கோல்ட் நிறுவனத்தின் சட்டைப்பைத் துப்பாக்கியோடு வந்தது அது. உறையின் நீளம் 17 மி.மீ. ராணுவங்களும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவின் உறை 19 மி.மீ. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். .380இல் பித்தளையும் குறைவு, மருந்தும் குறைவு. ஆனால் கடையில் விலை கூடுதல், 9 மி.மீ. விற்கும் அளவுக்கு அது விற்பதில்லை என்பதுதான் காரணம்.

2008இல் வந்த, .380 சுடும் ‘ரூகர் எல்.சி.பி.’ துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம். கால்சட்டைப் பையில் போட்டால் தெரியாது. அந்த எடைக்குறைவே அதன் குறையும். சுடும்போது வரும் உதையை வாங்கிக்கொள்ளத் துப்பாக்கியில் கனம் இல்லை. முழுவதும் உள்ளங்கைக்கு வருகிறது. குழல் குட்டை, குறிமுனை கடுகளவு. ஆக, நிறையப் பயிற்சி கேட்கும் துப்பாக்கிக்கு விலை கூடிய தோட்டா. வாங்கியவர் கடையில் வாங்கிய இரண்டு பெட்டித் தோட்டாவைச் சுட்டுவிட்டுச் செலவைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார் என்று கட்டுரையாளர் வருந்துவது இதற்காகத்தான். 2018இல் வந்த ‘சிக் பி365’ என்ற துப்பாக்கி, அரை கிலோ எடையில் பத்து 9 மி.மீ. தோட்டாக்களைப் பெட்டிக்குள் அடக்கிக்கொண்டது. அதற்குப் பின் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இருந்தாலும் .380 வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம்.

இப்போது கணக்கு. விலைகளை உத்தேசமாக முழு எண்ணில் வைக்கிறேன். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். குண்டு 10 சென்ட், அடியில் வைக்கும் வில்லை 8 சென்ட். மருந்து ஒரு பவுண்டு 40 டாலர். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு 4 கிரெய்ன் என்று கணக்குக்காக மட்டும் வைத்தால் (உண்மையான அளவு மருந்துக்கும் குண்டுக்கும் ஏற்ப மாறும், தயாரிப்பாளர் கையேடு சொல்வதுதான் சட்டம்) 1750 தோட்டாவுக்கு வரும். ஒன்றுக்கு 2 சென்ட்டுக்குச் சற்றே மேல். மொத்தம் 20 சென்ட். கடையில் .380 தோட்டா 35 சென்ட் என்றால் ஆயிரத்துக்கு 150 டாலர் மிச்சம். 9 மி.மீ. 25 சென்ட் என்றால் மிச்சம் 50 டாலர்தான். கருவிகளுக்கு 300 டாலர் போட்டவர் .380இல் இரண்டாயிரம் தோட்டாவில் முதலை எடுத்துவிடுவார். 9 மி.மீ.யில் ஆறாயிரம் செய்ய வேண்டும். அவருடைய சனிக்கிழமைகளுக்கு யாரும் கூலி போடுவதில்லை.

இந்தக் கணக்கில் பித்தளை உறைக்கு நான் ஒரு சென்ட்கூடப் போடவில்லை என்பதைப் பாருங்கள். அது ஏற்கெனவே சுட்டது, பொறுக்கியது. புது உறை வாங்கி 15 சென்ட் சேர்த்தால் .380இன் லாபம் முழுவதும் கரைந்துவிடும். சுட்ட உறை மீண்டும் பயன்படுவதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்திலும் நுணுக்கம் பார்ப்பவர்கள் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்: எந்த உறையானாலும் கையால் செய்வது ‘ஹேண்ட்லோடிங்’, சுட்ட உறையில் செய்வது ‘ரீலோடிங்’. நமக்கும் இரண்டு சொல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றது பிறக்க வேண்டும்.

அதற்கான வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறவர் இரும்புக் குழாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் தூள் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவார். அதற்கு ஊரில் எல்லாரும் சொன்ன சொல் ‘கெட்டிப்பது’. ‘கெட்டித்தாகிவிட்டதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சாமி புறப்படும். நாட்டுத் துப்பாக்கியிலும் மருந்து கெட்டித்தார்கள். அந்தத் துப்பாக்கிகள் போனதோடு சொல்லையும் நாம் கைவிட்டுவிட்டோம்.

ஆகவே என் பரிந்துரை: கையால் தோட்டா செய்வது ‘தோட்டாக் கெட்டிப்பு’. சுட்ட உறையில் மீண்டும் செய்வது ‘மறுகெட்டிப்பு’. துப்பாக்கியில் பெட்டி மாற்றுவதற்கு ‘மறுஏற்றம்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

> கெட்டித்தல் என்றால் இடித்து இறுக்குவது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்தை யாரும் இடிப்பதில்லையே, ஐயா?

நியாயமான கேள்வி. மருந்து உறைக்குள் தளர்வாகத்தான் கிடக்கும். ஆனால் குண்டை உறையின் வாயில் அழுத்தி அசையாமல் இறுக்குகிறார்களே, அந்த இறுக்கம் இல்லாவிட்டால் தோட்டா தோட்டாவாகாது. குழாய் வேட்டில் செங்கல் தூள் செய்த வேலையை இங்கே குண்டு செய்கிறது: மருந்தை அடைத்து வைக்கிறது. சொல் தன் பொருளை விட்டு விலகவில்லை.

அடுத்தது உறுப்புகளின் பெயர்கள். நம் செய்தித்தாள்கள் ‘நெஞ்சில் தோட்டா பாய்ந்தது’ என்று எழுதுகின்றன. தோட்டா என்பது உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். பாய்வது குண்டு மட்டும். மற்ற செய்திகளில் இது பெரிய பிழையாகத் தெரியாது. இந்தக் கட்டுரையிலோ குண்டுக்கு ஒரு விலை, தோட்டாவுக்கு ஒரு விலை. குழப்பினால் கணக்கே தவறும்.

உறைக்கு நான் முதலில் ‘கூடு’ என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அக்காதான் திருத்தினார். ஈழத்தில் தோட்டாப் பெட்டிக்கு ‘ரவைக்கூடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுட்டு விழுந்த வெற்று உறையை ‘கோது’ என்கிறார்கள். பாயும் குண்டு ‘சன்னம்’. அந்தத் துல்லியத்துக்கு அந்த மக்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியும். அங்கே வழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டு நாம் மேசையில் உட்கார்ந்து வேறொன்றைச் செய்ய வேண்டியதில்லை. முட்டைக்கோது, புளியங்கோது என்று உள்ளே இருப்பது போனபின் நிற்கும் ஓட்டையும் சக்கையையும் கோது என்பதால் பொருளும் சரியாக உட்காருகிறது. ‘கோது என்றால் கழிவு அல்லவா’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆம், சுட்டவர் அதைக் கழிவாகத்தான் விட்டுப் போகிறார். கெட்டிப்பவர் குனிந்து எடுக்கிறார். .380இன் கோது புல்லில் விழுந்தால் தேடி எடுப்பது எவ்வளவு கடினம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இனி மறைத்து வைக்கும் துப்பாக்கி. ‘மறைத்துப்பாக்கி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்விட்டுப் படியுங்கள்: ‘மறைத்து, பாக்கி’ என்று பிரிகிறது. எனக்குப் பிடித்திருந்த ‘மடித்துப்பாக்கி’யும் அப்படியே உடைகிறது, அதோடு மடிக்கணினி நினைவும் வந்துவிடுகிறது. ‘கரவு’ அழகான பழஞ்சொல், ஆனால் அதில் வஞ்சமும் களவும் ஒட்டியிருக்கின்றன. ‘ஒடுங்கு’ என்ற வினையைக் குறளைக் காட்டி முன்வைத்தார் ஓர் ஐயா. தொழுத கைக்குள்ளும் ‘படை ஒடுங்கும்’ என்பது 828ஆவது குறள். மறைத்த ஆயுதத்துக்கு அதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஆயுதம் பகைவன் கையில் இருக்கிறது. நம் கட்டுரையில் வருபவர் சட்டப்படி வைத்திருப்பவர். அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்குத் தனி உரிமம்கூடத் தேவையில்லை. பொது இடத்தில் துப்பாக்கி கொண்டுசெல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் விதியை உச்ச நீதிமன்றம் 2022இல் செல்லாதென்றது. அது நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்த இழையில் அதற்கு இடமில்லை. கலைச்சொல் யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது, யாருக்கும் வாதாடவும் கூடாது.

நான் சொல்வது ‘செருகு துப்பாக்கி’. இடுப்பில் கத்தியைச் செருகுகிறோம், சட்டைப்பையில் பேனாவைச் செருகுகிறோம். அவர்கள் இந்தத் துப்பாக்கியைக் கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்கு உட்புறம் செருகிக்கொள்கிறார்கள். சுழல் துப்பாக்கி போல இதுவும் வினைத்தொகை. ஒற்று மிகாது, தவறாகவும் பிரியாது. கணினித்துறையில் செருகு நிரல் இருப்பதால் குழப்பம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலம் இந்த வகைக்கு வைத்திருக்கும் பழைய பெயர்களில் ஒன்றான ‘டெரிஞ்சர்’, பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கித் தொழிலாளியின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதியதால் வந்தது. 1865இல் லிங்கனைச் சுட்டது அவர் பட்டறைத் துப்பாக்கி. நாம் அந்தப் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

செயலுக்கு, ‘மறைத்து எடுத்துச் செல்வது’ என்று வாக்கியத்தில் எழுதினாலே போதும். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லில் அடைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

வரைவின் முதல் பத்தியை இப்படி மாற்றி அனுப்பியிருக்கிறேன்: ‘செருகு துப்பாக்கி வாங்குவது எளிது, அதில் பழகுவதற்குத்தான் செலவு. கோதுகளைப் பொறுக்கி மறுகெட்டிப்புச் செய்பவர்களுக்கு அந்தச் செலவு ஏறக்குறையப் பாதியாகிறது.’

ஒன்று மட்டும் மீதம். கோதின் அடியில் இருக்கும் அந்த வில்லை, ஆங்கிலத்தில் ‘பிரைமர்’. சுத்தியல் ஊசி தட்டியதும் பொறி விடுவது இதுதான். வீட்டில் செய்ய முடியாதவற்றில் இதுவும் ஒன்று. 2020இல் தொற்றுக் காலத்தில் இது கிடைக்காமல்தான் பல கெட்டிப்பு மேசைகள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. ‘வெடிதூண்டி’ என்றால் குவாரியில் வைக்கும் டெட்டனேட்டர் ஆகிவிடும். ‘எரியூட்டி’ மயானத்தை நினைவூட்டுகிறது. தீபாவளிக்குப் பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடியை நினைத்து, ‘பொறிப்பொட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கோதைத் திருப்பிப் பார்த்தால் நெற்றியில் வைத்த பொட்டு மாதிரியேதான் அது தெரிகிறது. வரைவில் இன்னும் போடவில்லை. சிவகாசிப் பக்கத்து நண்பர்கள் இதற்கு வேறு பெயர் வழங்கினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதையே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.