‘சுமார் 1950’ என்பதை ஆப்ஜெக்ட் தரவுத்தளத்தில் எப்படிச் சேமிப்பது? அவசரம்

நிழற்படம்:
தரவை ஆப்ஜெக்ட்களாகவே சேமிக்கும் தரவுத்தளம். அதில் பழைய புகைப்படங்களுக்கு ஒரு கிளாஸ் (ஒவ்வொரு படத்தின் விவரங்களுக்குமான அச்சு) எழுதியிருக்கிறேன். ஆண்டு சரியாகத் தெரியாத படங்கள் தேடலில் வரவே மாட்டேன் என்கின்றன. வரிசைப்படுத்தினால் மட்டும் முதலில் வந்து நிற்கின்றன. நாளைக்குள் முடித்தாக வேண்டும், உதவுங்கள்.

கோப்பு22:
எந்த மொழி? ஆண்டு என்ன வகை? தேடல் வரி எங்கே?

நிழற்படம்:
ஜாவா. ஆண்டு இன்ட் (முழு எண் வகை). 1945 முதல் 1955 வரை தேடுகிறேன். தெரியாததைக் காலியாக விட்டேன்.

கோப்பு22:
இன்ட் காலியாக இருக்காது. எதுவும் கொடுக்காவிட்டால் 0 வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் படங்கள் எல்லாம் 0-ஆம் ஆண்டில் இருக்கின்றன.

நெடுவரிசை:
நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) வைத்துவிடுங்கள், முடிந்தது.

மூலவன்:
அடிப்படை தெரியாமல் பதில் சொல்லாதீர்கள். நல் என்றால் ‘ஒன்றும் தெரியாது’. இவருக்குத்தான் சுமார் 1950 என்று தெரியுமே! கணினி அறிவியலாளர் ஜாதே 1965-இலேயே ஃபஸி கணம், அதாவது எல்லை மங்கலான கணம் பற்றி எழுதிவிட்டார். 1950-க்கு 1, 1947-க்கு 0.4 என்று உறுப்பளவு (எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை ஓர் எண்) கொடுங்கள்.

பகடை:
அதற்கு நிகழ்தகவே போதுமே?

மூலவன்:
போதாது. நிகழ்தகவுகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். உறுப்பளவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பகடை:
சரி, அந்த 0.4 எங்கிருந்து வந்தது? யார் அளந்தார்கள்?

மூலவன்:
துறை தெரிந்தவரைக் கேட்டு வைப்பது. முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

கோப்பு22:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். @நிழற்படம், தெரியாத படங்களில் என்னதான் எழுதியிருக்கிறது? அப்படியே போடுங்கள்.

நிழற்படம்:
‘சுமார் 1950’, ‘1948 அல்லது 1952’, ‘மிகப் பழையது’.

கோப்பு22:
மூன்றும் மூன்று விதம். முதலாவது எல்லை மங்கலானது. இரண்டாவதில் இரண்டில் ஒன்றுதான் உண்மை, அதை 1948 முதல் 1952 வரை என்று வைத்தால் 1950-ஐத் தேடும்போது தவறாக வந்து நிற்கும். மூன்றாவதை உரையாகவே விடுங்கள், எண்ணாக்கினால் பொய்யாகிவிடும்.

இன்ட்டை எடுத்துவிட்டு ‘காலம்’ என்று தனி கிளாஸ் எழுதுங்கள். அதற்குக் கீழே இடைவெளி, மாற்றுகள், தெரியாதது என மூன்று துணை கிளாஸ். ஒவ்வொன்றும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: இந்தக் காலத்துக்குள் இருக்கலாமா? கட்டாயம் இருக்குமா? 1947 முதல் 1957 வரையுள்ள படம் உங்கள் தேடலுக்கு ‘இருக்கலாம்’, ஆனால் ‘கட்டாயம்’ இல்லை. திரையில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். எழுதியிருந்த வாசகத்தையும் அப்படியே பக்கத்தில் சேமியுங்கள், அதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

நெடுவரிசை:
விரைவாகத் தேட வைக்கும் இன்டெக்ஸ் என்ன ஆகும்?

கோப்பு22:
தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு இரண்டையும் தனிப் புலங்களாக வைத்து இன்டெக்ஸ் போடலாம். மாற்றுகளுக்கும் மிகச் சிறியது, மிகப் பெரியது என்று வைத்து முதலில் சலித்துவிட்டு, அப்புறம் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் செயல்பாடு) ஓட்ட வேண்டும்.

பகடை:
இப்போதும் கேட்கிறேன், அந்த 0.4?

நிழற்படம்:
வந்துவிட்டன. ‘மிகப் பழையது’ மட்டும் தனிப் பட்டியலில். நன்றி.